‘இருப்புநிலைத் தாவல்’ வேண்டாமே

அன்புள்ள ஐயா,

வணக்கம். மனிதன் தோன்றும்போது இருத்தலின் தன்மையே மாறுகிறது என்பதைக் குறிக்கும் ‘ontological leap’ என்ற ஆங்கிலத் தொடருக்கு ‘இருப்புநிலைத் தாவல்’ என்ற உங்கள் முன்மொழிவை இரண்டு நாளாக வாக்கியங்களில் வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. வணிகவியல் படித்தவர் எவரும் ‘இருப்புநிலை’ என்றதும் வரவு செலவு முடித்துப் போடும் இருப்புநிலைக் குறிப்பைத்தான் நினைப்பார். தாவல் அதைவிட மோசம். மனிதத் தோற்றத்தைப் பேசும் நூலில் ‘தாவல்’ என்று எழுதினால் வாசகர் கண்முன் குரங்கு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1996இல் திருப்பீட அறிவியல் கழகத்துக்கு விடுத்த செய்தியில் இந்த ஆங்கிலத் தொடரின் கருத்தை ஆண்டார். பரிணாமக் கொள்கை வெறும் கருதுகோள் அன்று என ஒப்புக்கொண்ட அதே செய்தியில், மனிதனிடம் வரும்போது உள்ளமையிலேயே, அதாவது இருத்தலின் தன்மையிலேயே, வேறுபாடு நேர்கிறது என்றார். அது எலும்பிலோ மரபணுவிலோ அகப்படுவதன்று; அங்கே ஆய்வாளர் காண்பது தொடர்ச்சி. உடலின் தோற்றத்தை ஆராயலாம், ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்று முந்தைய திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1950இல் கிழித்த கோட்டின் நீட்சி அது. ஆகவே மரபணுவில் திடீரென நேரும் சடுதிமாற்றத்தோடு (mutation) குழம்பக்கூடிய எந்தச் சொல்லும் உதவாது.

என் பரிந்துரை: உள்ளமைக் கடப்பு. இல்லாமைக்கு எதிர் உள்ளமை, நமக்குப் புதிதல்ல. கடப்பில் குதியும் இல்லை, வேகமும் இல்லை. ஒரு வரம்பின் இப்புறம், அப்புறம், அவ்வளவே. ‘கடவுள்’ என்ற சொல்லையும் அது மெல்ல உரசிக்கொண்டு நிற்கிறது (இந்தச் சொற்பிறப்புக்கு நான் பொறுப்பல்ல).

முந்தைய மடலில் வந்த ‘ஆறறிவுப் பேறு’ காதுக்கு இனிமைதான். ஆனால் ஓரறிவிலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு வருவது தொடர்ச்சி. நமக்கு வேண்டியதற்கு நேர்மாறு. தொல்காப்பியரும் ‘மக்கள் தாமே ஆறறி வுயிரே’ என்று நிறுத்தவில்லை; ‘பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே’ என்று இடம் விட்டுத்தான் போகிறார். அழிந்துபோன பண்டை மனித இனமான நியாண்டர்தாலரை நினைத்து எழுதியிருக்கமாட்டார், ஆனாலும் அந்த அடியை விட மனம் வரவில்லை.

சோதனை வாக்கியம் ஒன்று: ‘ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர்கொண்ட மக்களின் மரபணுத்தொகையில் ஏறக்குறைய 1 முதல் 2 விழுக்காடு நியாண்டர்தாலர் வழி வந்தது என்றால், உள்ளமைக் கடப்பு நம் முன்னோரிடம் மட்டும் நிகழ்ந்ததா?’ தடங்கலின்றி ஓடுகிறது. அதே இடத்தில் தாவலைப் போட்டு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

பெயரடை வேண்டுமிடத்தில் மட்டும் தடுமாறுகிறேன். ‘உள்ளமைசார்’ போதுமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.