மலைப்பாதையில் ஓடும் டீசல் பிக்கப்: 5டபிள்யூ-30 போதுமா, 20டபிள்யூ-50 ஊற்ற வேண்டுமா?

கேள்வி: காரமடை வண்டிக்காரர்

அனைவருக்கும் வணக்கம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும் ஊட்டிக்கும் மளிகைச் சரக்கு ஏற்றிச் சென்று, திரும்பும்போது கேரட், முட்டைக்கோஸ் ஏற்றி வரும் டர்போ டீசல் பிக்கப் ஒன்றை வைத்திருக்கிறேன். பிஎஸ்-6 வண்டி, டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உண்டு, ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. மேனுவலில் 5டபிள்யூ-30, ஏசிஇஏ (ஐரோப்பிய வண்டித் தயாரிப்பாளர் சங்கம்) சி3 தரம் என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் மலை ஏறுகிற வண்டிக்கு அந்த ஆயில் தண்ணீர் போன்றது என்றும், 20டபிள்யூ-50 ஊற்றினால்தான் எஞ்சின் தாங்கும் என்றும் மெக்கானிக் சொல்கிறார். ஆயில் கடைக்காரர் 15டபிள்யூ-40, சிஐ-4 பிளஸ் (அமெரிக்க டீசல் ஆயில் தரம்) போதும் என்கிறார். இதற்கிடையில், முழுப் பாரத்தோடு ஏறி முடித்து வண்டியை ஐடிலில் நிறுத்தும்போது ஆயில் விளக்கு சில சமயம் மினுங்குகிறது. யார் சொல்வதைக் கேட்பது?

பதில் 1: பழைய ஃபிட்டர்

மெக்கானிக் சொல்வது டிபிஎஃப் இல்லாத பழைய எஞ்சின்களுக்குப் பொருந்திய பேச்சு. உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. மேனுவலில் உள்ளதையே ஊற்றுங்கள்.

பதில் 2: மசகுப்பிரியன்

முந்தைய பதிலின் முடிவு சரிதான். காரணத்தையும் சொன்னால்தான் மெக்கானிக்கிடம் பேச முடியும். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் எஞ்சின் சுழல்வதைப் பற்றியது. ஆயில் கிரேடுகளை வகுக்கும் எஸ்ஏஇ அட்டவணைப்படி 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 20 டிகிரியிலும், 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும் சோதிக்கிறார்கள். ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரி அதிகாலையில்கூட வெப்பநிலை சுழியை ஒட்டித்தான் இருக்கும் என்பதால், நம் மலைகளில் வண்டி கிளம்புவதற்கு இந்த எண் ஒரு தடையே அல்ல.

இரண்டாவது எண் 100 டிகிரியில் ஆயிலின் பாகுத்தன்மையை, அதாவது கெட்டித்தன்மையைச் சொல்கிறது: 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக், 40 என்றால் 12.5 முதல் 16.3, 50 என்றால் 16.3 முதல் 21.9. மெக்கானிக் பார்ப்பது இதை மட்டும்தான். ஆனால் முழுப் பாரத்தோடு சின்ன கியரில் கொண்டை ஊசி வளைவு ஏறும்போது பேரிங்கைக் காப்பது, 150 டிகிரி வெப்பத்திலும் கடும் உராய்விலும் ஆயில் காட்டும் பாகுத்தன்மை. எச்டிஎச்எஸ் என்று அதைச் சொல்வார்கள். வெறும் 30 கிரேடுக்கு அது 2.9 மில்லிபாஸ்கல்-நொடி இருந்தால் போதும். சி3 தரமோ குறைந்தது 3.5 இருக்க வேண்டும் என்று கேட்கிறது. 5டபிள்யூ-40க்கும் குறைந்தபட்ச அளவு அதே 3.5தான், 15டபிள்யூ-40க்கும் 20டபிள்யூ-50க்கும் 3.7. ஆக, உங்கள் மேனுவல் சொல்லும் 30, தண்ணீர் போன்ற 30 அல்ல. அதே 5டபிள்யூ-30 என்ற எண்ணோடு பெட்ரோல் காருக்கான டப்பாவைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தால்தான் கவலைப்பட வேண்டும்.

பதில் 3: நீலகிரி டீசல்

கடைக்காரர் சொன்னதில் 15டபிள்யூ-40ஐ விட சிஐ-4 பிளஸ் என்பதுதான் எனக்கு இடிக்கிறது. டிபிஎஃப்பில் சேரும் கரி ரீஜெனரேஷனில் (வடிகட்டியைச் சூடேற்றிச் சுத்தம் செய்யும் சுற்றில்) எரிந்து போய்விடும். ஆயிலின் சேர்பொருள்களிலிருந்து வரும் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கிச் சிறுகச் சிறுக அடைத்துவிடும். சி3 தரத்தில் சல்பேட் சாம்பல் 0.8 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சிஐ-4க்குப் பிந்தைய சிகே-4 தரத்தில் 1 சதவீதம். சிஐ-4 தரத்துக்கு அப்படி ஓர் உச்சவரம்பே இல்லை. ஒரு டிபிஎஃப் மாற்றும் செலவில் எத்தனை கேன் நல்ல ஆயில் வாங்கலாம் என்பதைக் கடைக்காரரிடமே கேட்டுப் பாருங்கள். மேனுவலில் வெப்பநிலை வாரியாக மாற்று கிரேடு அனுமதித்திருந்தால், சி3 தரத்திலேயே கிடைக்கும் 5டபிள்யூ-40க்குப் போகலாம். அதில் எனக்கு மறுப்பில்லை.

ஆயில் விளக்கு மினுங்குவது தனிச் சங்கதி. கெட்டியான ஆயில் ஊற்றினால் விளக்கு அணைந்துவிடும், உண்மைதான். ஓட்டத்துக்குத் தடை கூடுவதால் பிரஷர் ஏறும், ஆனால் பேரிங்குக்குப் போகும் ஆயிலின் அளவு அதனால் கூடுவதில்லை. முதலில் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் கம்பியை) பாருங்கள். பிறகு சென்சரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேஜ் மாட்டி, சூடான எஞ்சினில் ஐடில் பிரஷரை அளக்கச் சொல்லுங்கள்.

காரமடை வண்டிக்காரர்

மிக்க நன்றி. டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டுக்கும் மேலே நிற்கிறது, டீசல் வாடையும் வருகிறது. ஆயில் குறையாததால் எஞ்சின் நன்றாக இருக்கிறது என்றே நினைத்திருந்தோம்.

பதில் 4: மசகுப்பிரியன்

அப்படியானால் விடை கிடைத்துவிட்டது. ரீஜெனரேஷனுக்காகக் கூடுதலாகப் பாய்ச்சப்படும் டீசல் முழுதும் எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்குகிறது. ரீஜெனரேஷன் முடியாமல் பாதியில் வண்டியை நிறுத்தி நிறுத்தி எடுத்தால் இது பெருகும். இன்ஜெக்டர் ஒழுகினாலும் இதே நிலைதான். டீசல் கலந்த பின் எந்தக் கிரேடும் தன் பாகுத்தன்மையை இழக்கும். நீங்கள் 20டபிள்யூ-50 ஊற்றினாலும் அதுவும் நீர்த்துத்தான் போகும். இந்த ஆயிலோடு இன்னொரு முறை மலை ஏற வேண்டாம். ஃபில்டரோடு சேர்த்து மாற்றி, சி3 ஆயிலையே ஊற்றி, இன்ஜெக்டர்களைச் சோதிக்கக் கொடுங்கள். அதன் பிறகும் சூடான ஐடிலில் கேஜ் குறைவாகக் காட்டினால் ஆயில் பம்பையும் பேரிங்கையும் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.