அமா என்று அவள் கூப்பிட்டது என்னை இல்லை

வடக்குத் தாய்லாந்தில் சியாங் ராய் மாகாணம், மே சன் பக்கம் உள்ள ஒரு பெண்பிள்ளைகள் விடுதியில் நானும் என் கணவரும் 6 வருஷம் ஹவுஸ் பேரண்ட்ஸாக, அதாவது பெற்றோர் இடத்திலிருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களாக, இருந்தோம். எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். சபையார் ஜெபித்து அனுப்பி வைத்தார்கள். விடுதியில் 19 பிள்ளைகள், 7 வயதிலிருந்து 17 வரை. ஏறக்குறைய பாதிப் பேர் அகா, மீதிப் பேர் லாஹு, இரண்டும் மலைவாழ் இனங்கள்.

லீவில் ஊருக்கு வந்தால், "அநாதைப் பிள்ளைகளைப் பார்த்துக்கிறீங்களாமே" என்பார்கள். ஒருத்தியும் அநாதை இல்லை. எல்லாருக்கும் மலை மேல் வீடு உண்டு, அம்மா உண்டு. பல மலைக்கிராமங்களில் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும், சில ஊர்களில் அதுவும் கிடையாது. மழைக்காலத்தில் மண்பாதை வழுக்கும். அதனால்தான் கீழே அனுப்புகிறார்கள். இதைப் புரிந்துகொள்ளாமல்தான் நானும் போனேன், "தாயில்லாப் பிள்ளைகளுக்குத் தாயாக" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு.

காலை 5 மணிக்கு எழுந்தால் முதல் வேலை சோறு. அந்த ஊர்க்காரர்கள் பசை அரிசியை அவித்து உருட்டிச் சாப்பிடுவார்கள். எங்கள் மலைப்பிள்ளைகளுக்கு நம்மைப் போல உதிரிச் சோறு வேண்டும். அந்த ஒன்றில் முதல் நாளே ஒட்டிக்கொண்டோம். அப்புறம் சீருடை. அங்கே ஒரு வாரத்துக்குள் வெள்ளைச் சட்டை ஒரு நாள், சாரணர் உடை ஒரு நாள், விளையாட்டு உடை ஒரு நாள், இனத்து உடை ஒரு நாள் என்று மாறிக்கொண்டே இருக்கும். 19 பேருக்கும் எது என்றைக்கு என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தேன். 7 மணிக்குள் சொங்தெள வந்துவிடும், பின்னால் இரண்டு பெஞ்சு போட்ட பிக்கப் வண்டி. 8 மணிக்குக் கொடியேற்றி தேசியகீதம் பாடும்போது பிள்ளைகள் வரிசையில் நின்றாக வேண்டும்.

பகலில் போர்வை துவைப்பது, கணக்கு எழுதுவது, 90 நாளுக்கு ஒரு முறை குடிவரவு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வருவது. சாயங்காலம் வீட்டுப்பாடம். கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் என்னிடம் வருவார்கள். தாய்லாந்து மொழிப் பாடம் என்றால் பெரிய பிள்ளைகள்தான் சின்னதுகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விடாத எழுத்து அது. இரண்டு வருஷம் கழித்துத்தான் எனக்குப் பிடிபட்டது.

பேச்சு அதைவிடக் கஷ்டம். தூரம் என்பதற்கும் பக்கம் என்பதற்கும் அங்கே ஏறக்குறைய ஒரே சொல்தான், 'க்லை'. சமமாகச் சொன்னால் தூரம், குரலை இறக்கிச் சொன்னால் பக்கம். புதிதாக வந்த 8 வயது அகாப் பிள்ளையிடம் வீடு எங்கே என்று கேட்டேன். "க்லை" என்றாள். பக்கம் என்று நினைத்து, "நல்லதாப் போச்சு!" என்று சிரித்தேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதே பிள்ளைக்கு ஜூலை மாதம் ஒரு ராத்திரி 103 டிகிரி காய்ச்சல். டெங்குவாக இருக்குமோ என்ற பயத்தில் ஈரத்துணி போட்டபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டே "அமா, அமா" என்று முனகினாள். எனக்கு உடம்பெல்லாம் உருகிப்போனது. நம் சொல்லையே சொல்கிறாளே என்று, "அம்மா இங்கேதான் இருக்கேன்மா" எனத் தமிழிலேயே சொல்லி நெற்றியைத் தடவினேன். கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததும் இன்னும் சத்தமாக அழுதாள். கையைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். காலையில் பெரியவள் ஒருத்தி விளக்கினாள். அகா மொழியில் அமா என்றால் அம்மா. அவள் தன் அம்மாவைத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

அன்றைக்கெல்லாம் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூர் ஞாபகமாகவே இருந்தது. 1895-இல் இந்தியாவுக்கு வந்து, அங்கே பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1951-இல் இறக்கும்வரை நம் மண்ணைவிட்டுப் போகவில்லை. அவரை எல்லாரும் அம்மா என்றார்கள். ஆனால் அவரோடு பிள்ளைகளை வளர்த்த வெளிநாட்டுப் பெண்களுக்கு அங்கே சித்தி என்று பெயர். அம்மாவின் தங்கை. எவ்வளவு சரியான இடம் அது! தாய்லாந்து மொழியிலும் அதற்கு ஒரு சொல் இருக்கிறது, 'நா'. அதுவரை பிள்ளைகள் என்னை அம்மா என்ற பொருளில் 'மே' என்றுதான் கூப்பிட்டு வந்தார்கள். மறுநாள் ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது, இனிமேல் நா என்று கூப்பிடுங்கள் என்றேன். சின்னதுகள் சட்டென்று மாறிவிட்டன. பெரியவர்களில் இரண்டு பேர் கடைசிவரை மே என்றே கூப்பிட்டார்கள். அது அவர்கள் இஷ்டம்.

ஜெபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில வீடுகளில் முன்னோர் வழிபாடுதான். விடுதியில் ஜெபம் உண்டு என்று சேர்க்கும்போதே பெற்றோரிடம் சொல்லிவிடுவோம். உன் வீட்டில் செய்வது தப்பு என்று ஒரு பிள்ளையிடமும் நாங்கள் பேசியதில்லை. எனக்கு என் ஆண்டவர்மேல் பூரண விசுவாசம். 8 வயதுப் பிள்ளையைத் தாய்க்கும் தேவனுக்கும் நடுவில் நிறுத்த அவர் என்னை அனுப்பவில்லை.

இன்னும் இரண்டு விஷயங்களில் நான் கறாராக இருந்தேன். பிள்ளைகள் படுக்கும் கட்டடத்துக்குள் என் கணவர் உட்பட எந்த ஆணும் போகக்கூடாது. விருந்தாளி யாரும் பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது. அடுத்தது போட்டோ. காணிக்கை அனுப்புகிறவர்கள் பிள்ளைகளின் முகம் கேட்பார்கள். தோட்டத்தையும் சமையலையும் எடுத்து அனுப்பினேன். சிலர் வருத்தப்பட்டு நிறுத்தியும் விட்டார்கள். அந்த மாதம் கோழிக்கறி குறைந்தது. இருந்தாலும் ஒரு பிள்ளையின் வறுமையை அடுத்தவர் போனில் சுற்ற விட எனக்கு மனம் வரவில்லை.

குடியுரிமைக் கவலை வேறு. 2005-இல் தாய்லாந்து அமைச்சரவை எடுத்த முடிவால் அடையாளக் காகிதம் இல்லாத பிள்ளைகளும் படிக்கலாம். ஆனால் குடியுரிமை இல்லாதவர் மாகாணம் தாண்ட அனுமதிக் கடிதம் வேண்டும். பள்ளிச் சுற்றுலா சியாங் மாய்க்கு என்றதும் எல்லாரும் குதித்தார்கள், ஒருத்தி மட்டும் தட்டைக் கழுவப் போனாள். அவள் கடிதத்துக்காக என் கணவர் மூன்று நாள் அலைந்தார். கிடைத்தது.

அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு ஞாயிறு சாயங்காலம் முழுவதும் போனுக்கு என்று ஒதுக்கினோம். போனில் லைன் (LINE) செயலி வழியாகக் கூப்பிட்டால் மலையில் சிக்னல் வந்து வந்து போகும். பெற்றோர் வந்தால் தங்க ஓர் அறையும் ஒழித்து வைத்தோம்.

ஜனவரியில், காப்பிப்பழம் பறித்து முடித்து, அந்தச் சின்னவளின் அம்மா வந்தார். என்னைவிட ரொம்ப இளையவர். செருப்பில் செம்மண் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பிள்ளை ஓடிப் போகாமல் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றது. அந்தத் தாயின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சீப்பையும் பேன்சீப்பையும் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிட்டு, சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள். தலை வகிடெடுத்து இறுக்கிப் பின்னியிருந்தது. எனக்கு அந்தப் பின்னல் வரவே வராது.

மறுநாள் கிளம்பும்போது கேட் வரை போனவர் திரும்பி வந்தார். தெரிந்த கொஞ்சம் தாய்லாந்து மொழியில் ஒவ்வொன்றாகச் சொன்னார்: பல் தேய்த்தேன் என்று பொய் சொல்வாள், வாயை முகர்ந்து பார். இடி இடித்தால் காதைப் பொத்தி விடு. முட்டை மஞ்சளை ஒளித்து வைப்பாள்.

எனக்குத் தெரியாது, மூன்றுமே. நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன். எழுதி முடிக்கும்வரை அவர் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.