சர்க்கரை உள்ளவருக்குத் திடீர் காது கேளாமை: மாத்திரையா, காதுக்குள் ஊசியா?

58 வயது உறவினருக்கு ஒரு காது திடீரெனக் கேட்கவில்லை. ஆடியோகிராமில் (கேட்கும் திறனை அளக்கும் சோதனை) நரம்புக் குறைபாடு உறுதி. இரண்டு வாரத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்கினால் பலன் கூடுதல் என்பதால் தள்ளிப்போட முடியாது. வழக்கமான அளவு, எடையில் கிலோவுக்கு 1 மி.கி. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, நாளுக்கு 60 மி.கி.க்கு மேல் போகாமல். காலையில் விழுங்கினால் வெறும்வயிற்றுச் சர்க்கரை ஒழுங்காகத் தெரியலாம்; மதியத்துக்கு மேல்தான் எகிறும். அந்த நேரத்தில் பலர் அளப்பதே இல்லை, அதுதான் கவலை. தூக்கம் கெடும், பிரஷர் ஏறும். இடுப்பு மூட்டு எலும்பு செத்துப்போவது அரிது, வந்தால் பெரும்பாடு.

செவிப்பறை வழியே டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டால் சர்க்கரை அவ்வளவாக ஏறாது. ஆனால் வலி, தலைசுற்றல், சிலருக்குப் பறையில் ஆறாத ஓட்டை.

முதலிலேயே ஊசி மட்டும் போட்டுக்கொண்டவர்கள் இருக்கிறீர்களா? ஓட்டை மூட எவ்வளவு காலம் ஆயிற்று? மாத்திரை எடுத்தவர்களுக்கு மருத்துவர் இன்சுலினை எப்படி மாற்றினார்? தயவுசெய்து சீக்கிரம் எழுதுங்கள்.