குறைபாடு தெரிவிக்கும் திட்டம்: எதுவரை சோதித்துப் பார்க்கலாம்?

அஸ்தம்பட்டி மாணவன்:
வணக்கம். சேலத்தில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஏற்காட்டு விடுதிகளுக்கு அறை பதிவு செய்து தரும் ஒரு நிறுவனத்தின் தளத்தில், என் ரசீதின் இணைய முகவரியில் கடைசியாக வரும் எண்ணை எடுத்துவிட்டு என் அக்காவின் பதிவு எண்ணை இட்டால், அவர் ரசீது கைபேசி எண் உட்பட எனக்குத் திறந்துகொள்கிறது. அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் பார்த்தேன். குறைபாடுகளைத் தெரிவிப்பதற்கென்றே அந்நிறுவனம் ஒரு பக்கம் வைத்திருக்கிறது. இன்னும் சில எண்களையும் திறந்து காட்டினால் அறிக்கைக்கு வலு கூடுமா? பரிசுத்தொகை கிடைக்குமா?

அடிவாரம்:
தம்பி, இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்திருப்பவர் யார் என்று பார்க்கும் சர்வர், அந்த ரசீது அவருடையதுதானா என்று பார்ப்பதில்லை. இதை நிரூபிக்க உங்கள் இருவர் கணக்குமே போதும். முன்பின் தெரியாதவரின் ரசீதைத் திறந்தால் விஷயம் வேறாகிவிடும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவு, அனுமதியின்றிக் கணினியை அணுகுவதையும் தரவை எடுப்பதையும் பற்றியது. அதையே நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். உங்கள் நோக்கம் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் அதை இன்னொருவரிடம் நிரூபிக்க வேண்டிய நிலையே உங்களுக்கு வரக்கூடாது. எந்தெந்தத் தளங்களைச் சோதிக்கலாம், எவற்றைத் தொடக்கூடாது, நல்லெண்ணத்தோடு தெரிவிப்பவர்மீது வழக்குத் தொடர மாட்டோம் என்ற உறுதி உண்டா என்று அந்தப் பக்கத்தை வரி விடாமல் படியுங்கள்.

பரிசு தருவதாக அங்கே எழுதியிருந்தால் மட்டுமே எதிர்பார்க்கலாம். குறைபாட்டைக் கண்டுபிடித்தவருக்குப் பணம் தரும் பக் பவுண்டி திட்டம் வேறு, குறைபாட்டைத் தெரிவிப்பதற்கு மட்டுமான பக்கம் வேறு. பணம் தந்தால்தான் விவரம் சொல்வேன் என்ற தொனி ஒரு வரியில்கூட வரக்கூடாது. அது மிரட்டலாகவே படிக்கப்படும்.

அம்மாபேட்டை:
நான் இத்தகைய அறிக்கைகளைப் படிக்கும் வேலையில் இருக்கிறேன். எந்தக் கணக்கில் நுழைந்தீர்கள், எந்த முகவரியில் எதை மாற்றினீர்கள், எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு, திரையில் என்ன வந்தது என்பவற்றை வரிசையாக எழுதினால், எதிர்முனையில் இருப்பவர் அதே படிகளைச் செய்து உடனே உறுதிப்படுத்திக்கொள்வார். ஸ்கிரீன்ஷாட்டில் அக்காவின் கைபேசி எண்ணை மறைத்துவிடுங்கள். சரிசெய்வதற்கு முன் வெளியே பேசாதீர்கள். மென்பொருள் குறைபாடுகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ குழுவே, விவரங்களை வெளியிடும் முன் சரிசெய்யப் பொதுவாக 90 நாள் அவகாசம் தருகிறது. பதிலே வராவிட்டால் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவியுங்கள், அவர்கள் நிறுவனத்தோடு பேசி ஒருங்கிணைப்பார்கள்.

அஸ்தம்பட்டி மாணவன்:
மிக்க நன்றி அண்ணா, அக்கா. வேறு எந்த எண்ணையும் திறக்க மாட்டேன். விதிகளைப் படித்துவிட்டேன், ரசீதுப் பக்கம் அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறது. இன்றிரவே அறிக்கையை அனுப்புகிறேன்.