சுகாதாரத்துக்கென்று நம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிரந்தரக் குழு ஏன் இல்லை?

பழைய மருந்தாளுநர்:
வணக்கம். 31 வருஷம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நான் இருந்த ஒரு நிலையத்துக்குச் சட்டமன்றக் குழு ஒன்று வந்தது. முந்தின நாளே வெள்ளையடித்தாச்சு. சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் கையிருப்பு குறைவு என்று பக்கத்து நிலையத்தில் நாலு பெட்டி கடன் வாங்கி அலமாரியில் அடுக்கினோம். அடுக்கியது நான்தான். இருபது நிமிஷம் இருந்தார்கள். ஒரு உறுப்பினர் மட்டும் "மருந்தெல்லாம் இருக்கா?" என்று கேட்டார். "இருக்குங்கய்யா" என்றேன். மறுநாள் பெட்டிகள் திரும்பிப் போயின. சுகர்காரர்களுக்கு ஒரு மாதத்துக்குக் கொடுக்க வேண்டியதைப் பத்து நாளைக்குத்தான் கொடுக்க முடிந்தது. கூலி வேலைக்குப் போகிறவர்கள் மாதத்தில் மூணு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள். நான் சொன்ன அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

1995 முதல் அரசின் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்கிலிருந்து, ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒதுக்கிய தொகையில் கழித்து, அதன் பாஸ்புக்கில் பதிந்து கொடுக்கிறது. நல்ல முறை. அதற்கு முந்தைய காலத்தையும் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். ஆனால் பாஸ்புக்கில் தொகை தீர்ந்த பிறகு என்ன நடக்கிறது என்று கேட்க ஆள் வேண்டாமா? மானியக் கோரிக்கை, அதாவது துறையின் வருஷச் செலவுக்குச் சபையில் பணம் கேட்பது, அதன் மீதான விவாதம் பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. பொதுக் கணக்குக் குழு பார்ப்பது பழைய வருஷக் கணக்கை. இந்தத் துறையை மட்டுமே வருஷம் முழுக்கப் பார்க்கும் குழு வேறு எங்காவது இருக்கிறதா?

குமரிக்காரன்:
அண்ணாச்சி, கேரளத்தில் 1980-லிருந்தே துறைவாரி சப்ஜெக்ட் கமிட்டி உண்டு. சுகாதாரத்துக்கும் இருக்கிறது. மானியக் கோரிக்கை அங்கே போய்த்தான் சபைக்குத் திரும்பும். ஒரே குறை, துறை அமைச்சரே அதற்குத் தலைவர். அதை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

வழக்குரைஞர், மதுரை:
நாடாளுமன்றத்தில் 1993 முதல் துறைவாரி நிலைக்குழுக்கள் இருக்கின்றன. 31 உறுப்பினர்கள்; அமைச்சர்களுக்கு இடமில்லை. மருத்துவக் கல்வியையும் மருத்துவர்களையும் ஒழுங்குபடுத்திவந்த இந்திய மருத்துவக் கவுன்சிலை அக்குவேறு ஆணிவேறாக அலசி 2016-இல் அறிக்கை கொடுத்தது சுகாதார நிலைக்குழுதான். 2019-இல் கவுன்சிலின் இடத்துக்குத் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்து சட்டம் இயற்றினார்கள். அந்த ஆணையத்தில் எனக்கு உடன்பாடில்லாத விஷயங்கள் உண்டு, அது வேறு பேச்சு. குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் துறைச் செயலாளரை எதிரே உட்கார வைத்து, கட்சி பேதமில்லாமல் மணிக்கணக்கில் கேள்வி கேட்கலாம். சபையில் அது நடக்காது.

நம் மாநிலத்தில் இதற்குத் தனிச் சட்டமே தேவையில்லை. அரசமைப்பின் 208-ஆம் பிரிவுப்படி பேரவை தன் விதிகளைத் திருத்தினால் போதும்.

கிராம செவிலியர்:
குழு வரட்டும் சார். ஆனால் மேலதிகாரி பக்கத்தில் நிற்கும்போது எங்களை எதுவும் கேட்காதீர்கள். நீங்கள் சொன்ன பதிலைத்தான் நானும் சொல்வேன்.

பழைய மருந்தாளுநர்:
நீங்கள் சொன்னது சத்தியம்மா. மதுரை சார், 208-ஐக் குறித்துக்கொண்டேன். எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு மனு எழுதுகிறேன். அதில் ஒன்று கட்டாயம் சேர்ப்பேன்: வருகிற குழு முன்கூட்டிச் சொல்லாமல் வரட்டும், அலமாரியைப் பார்க்க வேண்டாம். பாஸ்புக்கையும் தினசரி மருந்து வழங்கும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். யாருக்குப் பத்து நாள் மாத்திரை கொடுத்தோம் என்பது என் கையெழுத்திலேயே இருக்கும்.