ஸ்விட்ச் ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணதுல இருந்து லேப்ல ஒரு தின் கிளையன்ட் கூட பூட் ஆகல, திங்கக்கிழமை பிராக்டிகல் எக்ஸாம், தெரிஞ்சவங்க உதவி பண்ணுங்க

லேப்_தெக்கு | வெள்ளி இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். நான் கோவில்பட்டி பக்கம் ஒரு காலேஜ்ல லேப் அசிஸ்டென்ட். லேப்ல 40 தின் கிளையன்ட் இருக்கு, எதுலயும் ஹார்ட் டிஸ்க் கிடையாது, எல்லாமே நெட்வொர்க் வழியா ஒரு லினக்ஸ் சர்வர்ல இருந்துதான் பூட் ஆகும். நடுவுல ஒரே ஒரு 48 போர்ட் மேனேஜ்டு ஸ்விட்ச். அதோட வெப் பேஜ்ல செக்யூரிட்டி ஓட்டை இருக்கு, புது ஃபர்ம்வேர் (ஸ்விட்ச்சுக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) போடணும்னு வித்தவங்க சொன்னாங்க, அதனால இன்னிக்கு மத்தியானம் 3 மணிக்கு போட்டேன். அப்டேட் ஒழுங்கா முடிஞ்சு ஸ்விட்ச் ரீஸ்டார்ட் ஆயிடுச்சு, பாஸ்வேர்டு, விலேன் (ஸ்விட்ச்சை தனித்தனி நெட்வொர்க்கா பிரிக்கிற செட்டிங்) எல்லாம் அப்படியே இருக்கு, ஆனா அதுக்கப்புறம் ஒரு சிஸ்டம் கூட எந்திரிக்கல.

15 புது பாக்ஸ்ல பிஎக்ஸ்இ இ51, அதாவது நெட்வொர்க் பூட்டுக்கு டிஹெச்சிபி (ஐபி அட்ரஸ் குடுக்கிற சர்வீஸ்) ஆஃபர் வரலன்னு எரர். மீதி 25 பழைய பாக்ஸ் கொஞ்ச நேரம் யோசிச்சு கர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) வரைக்கும் லோட் பண்ணிடுது, அப்புறம் ஐபி கான்ஃபிக், நோ ரெஸ்பான்ஸ்னு எழுதிட்டு அங்கயே நின்னுடுது. டீச்சர் டேபிள்ல ஒரு விண்டோஸ் பிசி இருக்கு, அதை ஆன் பண்ணினா 169.254ல ஆரம்பிக்கிற ஐபி எடுக்குது (டிஹெச்சிபி பதில் வரலன்னா விண்டோஸ் தானா வெச்சுக்கிறது), ரெண்டு நிமிஷம் கழிச்சு ரிலீஸ் ரெனியூ குடுத்து மறுபடி ஐபி கேட்டா உடனே சரியான ஐபி வந்துடுது, அதுக்கப்புறம் நெட் பிரமாதமா ஓடுது. இதுதான் எனக்கு ஒண்ணும் புரியல. சர்வர் கெட்டுப்போச்சுன்னா அந்த பிசிக்கும் ஐபி வரக்கூடாதுல்ல?

கேபிள் மாத்திப் பாத்தேன், சர்வர் ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன், ஸ்விட்ச்சை ரெண்டு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். திங்கள் காலைல 9.30க்கு முதல் பேட்ச் பசங்க வந்துடுவாங்க.

மதுரை_கேபிள் | வெள்ளி இரவு 10.05

தம்பி யோசிக்கவே வேணாம், பழைய ஃபர்ம்வேருக்கே திரும்பிடுங்க. மேனேஜ்டு ஸ்விட்ச் நிறையதுல ரெண்டு இமேஜ் வெக்க இடம் இருக்கும், பழையது அழியாம உள்ளயே கிடக்கும், மெனுவுல அதை ஆக்டிவ் பண்ணிட்டு ரீபூட் குடுத்தா போதும்.

செல்வி_நெட்ஒர்க் | வெள்ளி இரவு 10.20

அண்ணா சொல்றது கடைசி வழியா கைல இருக்கட்டும் தம்பி, ஆனா இப்பவே பண்ணாதீங்க. புது ஃபர்ம்வேர் பூட் ஆகும்போது பழைய கான்ஃபிகை (ஸ்விட்ச் செட்டிங் எல்லாம் இருக்கிற ஃபைல்) தனக்கு ஏத்த மாதிரி மாத்தி எழுதியிருந்தா, திரும்பிப் போனப்புறம் பழையது அதைப் படிக்காம விலேனையும் சேத்து தொலைச்சிடலாம். முதல்ல இப்ப இருக்கிற கான்ஃபிகை டெக்ஸ்டா ஒரு காப்பி எடுத்து உங்க லேப்டாப்ல போட்டு வைங்க.

நீங்க எழுதினதுல டீச்சர் பிசி விஷயம்தான் முக்கியம். ஆன் பண்ணின உடனே ஐபி இல்ல, கொஞ்சம் கழிச்சு கேட்டா இருக்கு. அப்ப சர்வரும் நல்லா இருக்கு, கேபிளும் நல்லா இருக்கு, போர்ட்தான் லேட்டா தெறக்குதுன்னு எனக்குத் தோணுது. ரெண்டு டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்க. ஒண்ணு, ஏதாவது ஒரு பாக்ஸோட கேபிளைக் கழட்டி மறுபடி சொருகி, ஸ்விட்ச்ல அந்த போர்ட் லைட்டைப் பாத்துக்கிட்டே போன்ல ஸ்டாப்வாட்ச் ஓட விடுங்க, பச்சையா மாற எத்தனை செகண்ட் ஆகுதுன்னு பாருங்க. ரெண்டாவது, மேனேஜ்மென்ட் எதுவும் இல்லாத சாதா 5 போர்ட் ஸ்விட்ச் ஒண்ணை நடுவுல போட்டு ஒரு நிமிஷம் விட்டுட்டு, அதுல இருந்து பாக்ஸை பூட் பண்ணிப் பாருங்க.

லேப்_தெக்கு | சனி காலை 8.15

அக்கா, விடிஞ்சதும் வந்து பண்ணினேன். லைட் முதல்ல ஆரஞ்சு கலர்ல எரியுது, 30 செகண்ட் தாண்டித்தான் பச்சைக்கு வருது, மூணு போர்ட்ல பாத்தேன், மூணுலயும் இதே கதைதான். முன்னாடி இப்படி இருந்ததில்ல, கேபிள் சொருகின உடனே பச்சை வரும். சின்ன ஸ்விட்ச் நடுவுல போட்டா பாக்ஸ் ஜம்முனு பூட் ஆயிடுச்சு! எப்படிக்கா?

செல்வி_நெட்ஒர்க் | சனி காலை 8.50

கிடைச்சிடுச்சு தம்பி, இது ஸ்பானிங் ட்ரீ. ஒரு போர்ட்ல லிங்க் வந்த உடனே, அந்தப் பக்கம் இன்னொரு ஸ்விட்ச் இருந்து லூப் (பாக்கெட் சுத்திச் சுத்தி வர்ற வட்டம்) ஆயிடுமோன்னு சந்தேகப்பட்டு ஸ்விட்ச் அந்த போர்ட்டை நிறுத்தி வைக்கும். 15 செகண்ட் லிசனிங், அப்புறம் 15 செகண்ட் லேர்னிங், மொத்தம் 30. அந்த நேரத்துல பாக்ஸ் அனுப்புற டிஹெச்சிபி பாக்கெட் ஒண்ணு கூட சர்வருக்குப் போகாது. உங்க புது பாக்ஸ் 30 செகண்டுக்கு முன்னாடியே கேட்டு முடிச்சு எரர் போட்டுடுது. பழைய பாக்ஸோட ரோம் (பூட்டை ஆரம்பிச்சு வைக்கிற சிப்) பொறுமையா திரும்பத் திரும்பக் கேக்குது, அதனால ஐபி வாங்கி கர்னல் வரைக்கும் வந்துடுது, ஆனா கர்னல் எந்திரிச்சதும் நெட்வொர்க் கார்டை மறுபடி முதல்ல இருந்து ஸ்டார்ட் பண்ணும்ல, அப்ப லிங்க் ஒரு தடவை விழுந்து எழும்பும், ஸ்விட்ச் மறுபடி 30ல இருந்து எண்ண ஆரம்பிக்கும், லினக்ஸ் அவ்வளவு நேரம் காத்திருக்காது. நடுவுல சின்ன ஸ்விட்ச் இருந்தா பாக்ஸ் ஆஃப் ஆனாலும் ஆன் ஆனாலும் பெரிய ஸ்விட்ச்சுக்கு அந்த லிங்க் விழறதே இல்ல, போர்ட் தெறந்தபடியே இருக்கு. அவ்வளவுதான்.

இதுக்குன்னு ஒரு செட்டிங் இருக்கு, எட்ஜ் போர்ட்னு சொல்லுவாங்க, சில கம்பெனி போர்ட்ஃபாஸ்ட்னு வெச்சிருக்கும். இந்த போர்ட்ல வெறும் சிஸ்டம்தான் இருக்கு, உடனே தெறந்துடுன்னு அர்த்தம். முன்னாடி அது உங்க ஸ்விட்ச்ல இருந்திருக்கணும், அப்டேட்ல போயிருக்கு. பழைய கான்ஃபிக் காப்பி எங்கயாவது இருக்கா?

நெல்லை_ஐடி | சனி காலை 9.30

ஒரு சந்தேகம். இப்பல்லாம் ஸ்விட்ச்ல ரேபிட் ஸ்பானிங் ட்ரீதானே, அது சில செகண்ட்ல முடிச்சிடுமே? இல்லன்னா ஃபார்வர்ட் டிலேவை (லிசனிங், லேர்னிங் ஒவ்வொண்ணுக்கும் ஆகுற நேரம்) 15ல இருந்து 4ஆ குறைச்சிட்டா 8 செகண்ட்ல முடிஞ்சிடுமே, சுலபமா இருக்கும்ல.

செல்வி_நெட்ஒர்க் | சனி காலை 9.55

ரேபிட் வேகமா முடியறது ரெண்டு ஸ்விட்ச்சுக்கு நடுவுல, ஒண்ணு கேக்கும், இன்னொண்ணு சம்மதம் சொல்லும், உடனே தெறக்கும். தின் கிளையன்டுக்கு அந்த பாஷை தெரியாது, பதிலே சொல்லாது, அப்ப ரேபிட்டும் பழையபடி 15ம் 15ம் எண்ணித்தான் ஆகணும். எட்ஜை தானாவே கண்டுபிடிக்கிற ஸ்விட்ச்சும் இருக்கு, இவருடையதுல அது வேலை செய்யலன்னு அந்த 30 செகண்டே சொல்லுது.

டிலேவை மட்டும் குறைக்கிறது வேணவே வேணாம். மேக்ஸ் ஏஜ், அதாவது பழைய ஸ்பானிங் ட்ரீ தகவலை ஸ்விட்ச் எவ்வளவு நேரம் நம்பும்ங்கறது, 20 செகண்ட், ஃபார்வர்ட் டிலேல இருந்து 1 கழிச்சு ரெண்டால பெருக்கினா வர்றது அந்த 20க்குக் குறையக் கூடாதுங்கறது ஸ்டாண்டர்ட்ல இருக்கிற கணக்கு. 15க்கு 28 வருது, சரி. 4க்கு வெறும் 6தான். லூப் முழுசா அடைபடறதுக்கு முன்னாடியே போர்ட் தெறந்துடும், அப்புறம் லேப் மொத்தமும் படுத்துடும்.

லேப்_தெக்கு | சனி மதியம் 12.10

எனக்கு முன்னாடி இருந்த அண்ணன் சர்வர்ல ஒரு ஃபோல்டர்ல கான்ஃபிகை டெக்ஸ்டா போட்டு வெச்சிருக்கார்க்கா! பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒவ்வொரு வரியா பாத்தேன். பழசுல 1ல இருந்து 40 வரைக்கும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் எட்ஜ்னு ஒரு வரி இருக்கு, புதுசுல அந்த 40 வரியும் இல்ல. ஸ்விட்ச் லாக்ல பூட் ஆன நேரத்துலயே தெரியாத கமாண்ட், விட்டுட்டேன்னு 40 தடவை வந்திருக்கு. கமாண்டோட பேரையே புது ஃபர்ம்வேர்ல மாத்தியிருக்காங்க.

செல்வி_நெட்ஒர்க் | சனி மதியம் 12.30

அந்த அண்ணனுக்கு ஒரு ஃபோன் போட்டு நன்றி சொல்லுங்க தம்பி, சத்தியமா. இப்ப புதுப் பேர்ல எட்ஜ் போடுங்க, கூடவே பிபிடியு (ஸ்பானிங் ட்ரீக்காக ஸ்விட்ச் அனுப்புற செய்தி) வந்தா போர்ட்டை மூடுற பிபிடியு கார்டும் ஆன் பண்ணுங்க, பசங்க யாராவது ஒரே வயரோட ரெண்டு முனையையும் ஸ்விட்ச்லயே சொருகிட்டா அந்த போர்ட்டை உடனே மூடிடும். சர்வர் போர்ட்டுக்கும் எட்ஜ் போடலாம், அப்லிங்க்கை (வெளி நெட்வொர்க்குக்குப் போற போர்ட்) மட்டும் தொடாதீங்க. முடிச்சதும் கட்டாயம் சேவ் குடுங்க, ரன்னிங்ல (இப்ப ஓடுற, இன்னும் சேவ் ஆகாத கான்ஃபிக்) மட்டும் இருந்து கரண்ட் ஒரு தடவை போச்சுன்னா எல்லாம் போயிடும்.

லேப்_தெக்கு | சனி மாலை 5.45

அக்கா 40ம் பூட் ஆயிடுச்சு!! மொத்த லேப்பையும் ஒரே நேரத்துல மெயின்ல ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் பாத்துட்டேன், எல்லாம் வந்துடுச்சு. ஆனா ஹெச்ஓடி ரூம்ல நெட் போயிடுச்சு. நான் 1ல இருந்து 46 வரைக்கும் எல்லா போர்ட்டுக்கும் எட்ஜும் கார்டும் மொத்தமா போட்டுட்டேன், போர்ட் 44 டவுன்னு காட்டுது, லாக்ல பிபிடியு வந்துச்சு, மூடிட்டேன்னு இருக்கு.

செல்வி_நெட்ஒர்க் | சனி மாலை 6.00

கார்டு அதோட வேலையத்தான் செஞ்சிருக்கு. 44 சுவத்துக்குள்ள போயி ஹெச்ஓடி ரூம்ல ஒரு ஸ்விட்ச்ல முடியுதுன்னு நினைக்கிறேன், அதுவும் ஸ்பானிங் ட்ரீ பேசுற ஸ்விட்ச். சாதா ஸ்விட்ச் சொந்தமா பிபிடியு அனுப்பாது. 44ல மட்டும் எட்ஜையும் கார்டையும் எடுத்துட்டு போர்ட்டை ஒரு தடவை டிசேபிள் பண்ணி எனேபிள் பண்ணுங்க.

லேப்_தெக்கு | திங்கள் காலை 11.20

ஆமாக்கா, ஹெச்ஓடி டேபிளுக்கு அடில ஒரு 8 போர்ட் ஸ்மார்ட் ஸ்விட்ச் இருந்துச்சு, எனக்கு இத்தனை நாள் தெரியவே தெரியாது. நீங்க சொன்ன மாதிரி பண்ணினதும் அங்கயும் நெட் வந்துடுச்சு. முதல் பேட்ச் பசங்க இப்ப எழுதிக்கிட்டு இருக்காங்க, 40ம் ஓடுது. புது கான்ஃபிகையும் தேதி போட்டு அதே ஃபோல்டர்ல வெச்சுட்டேன். ரொம்ப ரொம்ப நன்றிக்கா, எல்லாருக்கும்.

மதுரை_கேபிள் | திங்கள் காலை 11.35

சந்தோஷம் தம்பி. 44க்கு லேபிள் ஒட்டிட்டீங்களா?

லேப்_தெக்கு | திங்கள் காலை 11.40

ஒட்டிட்டேன்ணா, ரெண்டு முனையிலயும்.