கிணற்றில் தண்ணீர் இருந்தும் ஃபயர் வண்டி எடுக்கவில்லை, ஏன்?

ஒடுகத்தூர் விவசாயி:
போன வாரம் சித்தப்பா களத்தில் வைக்கோல் போர் பற்றிக்கொண்டது. மேலே போகிற கரண்ட் கம்பி காற்றில் உரசிப் பொறி விழுந்ததுதான் காரணம். 101-க்கு அடித்தோம், வண்டி வந்தது. வந்தவர்கள் உயிரைக் கொடுத்து வேலை செய்தார்கள். ஆனால் பத்து நிமிடத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. இருபது தப்படியில் கிணறு. நாற்பத்தைந்து அடி ஆழத்தில் தண்ணீர் கிடக்கிறது. அதை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மாட்டுக் கொட்டகை தப்பியது, போர் போய்விட்டது. சித்தப்பா இன்னும் அந்தக் கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஃபயர் டிரைவர், காட்பாடி:
தம்பி, திருவண்ணாமலை பிரிவதற்கு முன்னால், வடாற்காடு ஒரே மாவட்டமாக இருந்தபோது, 1987-இல் வேலைக்குச் சேர்ந்தவன் நான். வந்தவர்கள் சொன்னது உண்மை.

பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை. குழாயில் இருக்கும் காற்றை வெளியே தள்ளும், அவ்வளவுதான். வெளிக்காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே ஏற்றும். அந்த அழுத்தம் கணக்குப்படி 10 மீட்டர் வரைக்கும் தாங்கும். நடைமுறையில் 7 மீட்டரைத் தாண்டினாலே சிரமம். அதாவது இருபத்து மூன்று அடி. ஏரி, குளம் என்றால் வண்டியை நிறுத்தி உறிஞ்சிக்கொள்ளலாம். நம் பக்கத்துக் கிணறுகள் சித்திரை, வைகாசியில் எங்கே கிடக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

வழக்கமான வண்டியில் 4,500 லிட்டர் தண்ணீர் இருக்கும். ஒரு ஹோஸில் நிமிடத்துக்கு 400 லிட்டருக்கு மேல் போகும். இரண்டு ஹோஸ் போட்டால் ஐந்து நிமிடம்தான்.

அணைக்கட்டுப் பக்கம் ஒரு கரும்புத் தோட்டம் எரிந்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. முன்னால் பிடித்திருந்த பையன் கையில் ஹோஸ் தளர்ந்து மண்ணில் விழுந்தது. நான் பம்ப் பக்கம் நிற்கிறேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். அடுத்த வண்டி வரும்வரை பச்சைத் தழையை வெட்டி அடித்து அணைத்தோம்.

அப்போது காப்பாற்றியது என்ன தெரியுமா? பக்கத்து நிலத்துக்காரர் தன் மோட்டாரைப் போட்டு, மூன்று இஞ்ச் பைப்பை வண்டி மேல்மூடி வழியாக டேங்கில் விட்டார். உங்கள் ஊரிலும் அதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் ஒன்று கவனியுங்கள். கம்பி அறுந்திருந்தால் முதலில் இபிக்குச் சொல்லி லைனை நிறுத்தச் செய்வோம், உங்கள் மோட்டாரும் நின்றுவிடும். அதனால் வேறு டிரான்ஸ்பார்மரில் ஓடும் மோட்டார் எது, யாரிடம் டீசல் இஞ்சின் இருக்கிறது, எந்த டிராக்டரில் டேங்கர் இருக்கிறது என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

வைக்கோல் மேலே அணைந்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். பிரித்துப் போட்டுத்தான் நனைக்க வேண்டும். போன் செய்யும்போதே ஜேசிபிக்கும் ஆள் அனுப்பிவிடுங்கள்.

குடியாத்தம் அக்கா:
எங்கள் தெருவில் கேஸ் சிலிண்டர் பற்றியபோது வண்டி இரண்டு தெரு தள்ளிப் போய்த் திரும்பியது. போனில் பதற்றத்தில் தெருப் பெயரை மட்டும் சொன்னோம், அதே பெயரில் இன்னொரு தெரு இருக்கிறது. கோயிலோ பள்ளியோ அடையாளம் சொல்லி, முக்கு ரோட்டில் ஒருவரை நிறுத்த வேண்டும் என்று அன்றுதான் புரிந்தது. 112-க்கும் அடிக்கலாம்.

பழைய ஃபயர் டிரைவர், காட்பாடி:
அக்கா சொல்வது ரொம்பச் சரி. இரவு என்றால் முக்கில் நிற்கிறவர் டார்ச் வைத்திருக்கட்டும். தண்ணீர் நிரம்பிய வண்டி பத்து டன்னுக்குக் குறையாது, கல்வெர்ட் பலவீனம் என்றால் அதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள், வேறு வழியில் வருவோம். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம், 1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில் இறந்த எங்கள் ஆட்களின் நினைவாக நடப்பது. அப்போது ஸ்டேஷனில் கேட்டால் ஊருக்கு வந்தே செய்து காட்டுவார்கள்.

ஒடுகத்தூர் விவசாயி:
நன்றி ஐயா. சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஏரிக்கரை மோட்டார் வேறு டிரான்ஸ்பார்மராம். அங்கிருந்து களத்துக்கு எத்தனை பைப் தேவை என்று அளக்கக் கிளம்பிவிட்டார்.